கண்டு வந்தவள் சொல்லும் இல்லம்: ஐங்குறுநூற்றுச் செவிலி கூற்றுப்பத்தும் தென்பாண்டித் தாலாட்டும்

ஆய்வுச் சுருக்கம்

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் அமைந்துள்ள செவிலி கூற்றுப்பத்து (401-410), மணமாகிப் புதுமனை புகுந்த தலைவி கணவனோடும் புதல்வனோடும் வாழும் வாழ்க்கையைக் காட்டுகிறது. இல்லறச் சிறப்பைப் பாடுவன என்ற அளவிலேயே இப்பாடல்கள் பெரிதும் பயிலப்பட்டு வருகின்றன. பத்துப் பாடல்களும் அவ்வில்லத்தில் வாழ்வோரால் சொல்லப்படாமல், பிறந்தகத்திலிருந்து சென்று கண்டு மீண்டவளால் சொல்லப்படுகின்றன என்பதை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது. சொல்பவள், கேட்பவள், காட்சியின் எல்லை ஆகியவற்றை ஆராய்ந்து, அதே சூழலை வீட்டுக்குள்ளிருந்து பேசும் நற்றிணை 380, அகநானூறு 66 ஆகிய பாடல்களோடும், சங்கரன்கோவிலை உள்ளிட்ட தென்பாண்டி வட்டாரத் தாலாட்டு மரபோடும் அப்பத்தை ஒப்பிடுகிறது. குழந்தையுள்ள புதுமனையின் நிறைவு, பிறந்தகத்தின் பார்வையோ குரலோ உள்ளே வந்து சேரும்போதே தமிழ்ப் பாடல் மரபில் சொல்லாகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

ஐங்குறுநூறு, பேயனார், செவிலி, நற்றாய், கடிமனை, புதல்வன், தாலாட்டு, தாய்மாமன், சங்கரன்கோவில்

முன்னுரை

தென்மாவட்டங்களில் பெண்ணின் முதற்பேறு தாய்வீட்டில் நிகழ்வது வழக்கம். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபின், தாய்வீட்டார் மகளையும் பிள்ளையையும் அழைத்துச் சென்று கணவன் வீட்டில் விட்டு வருவர். விசைத்தறியும் பூச்சந்தையும் பெயர்பெற்ற சங்கரன்கோவிலிலும் அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் இவ்வழக்கம் இன்றும் உண்டு. விட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் வீட்டிலிருப்போரிடம் முதலில் சொல்வது, அங்கே பிள்ளை எப்படி இருக்கிறது, மகளும் மருமகனும் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான். கேட்பவர் வாசலில் காத்திருப்பார். சொல்பவர் கண்டதைச் சொல்வார்.

இந்த உரையாடற் சூழல் தமிழில் மிகப் பழமையானது. மணமனைக்குச் சென்று மீண்ட செவிலி, போகாமல் இருந்துவிட்ட நற்றாய்க்குச் சொல்லும் கூற்று, அகப்பொருள் மரபில் தனித் துறையாகவே நிலைபெற்றுள்ளது. அத்துறையில் குழந்தையை நடுவில் வைத்துப் பாடப்பட்ட ஒரு முழுப் பத்து, பேயனார் பாடிய ஐங்குறுநூற்று முல்லையின் தொடக்கமாக அமைந்துள்ளது.

உ. வே. சாமிநாதையர் 1903இல் ஐங்குறுநூற்றைப் பதிப்பித்த பின் இந்நூல் பரவலாகப் பயிலப்பட்டது. செவிலி கூற்றுப்பத்து வகுப்பறையிலும் பாடநூலிலும் மகிழ்ச்சியான இல்லறத்தின் ஓவியமாகவே நின்றுவிட்டது. ஓவியம் என்று சொன்னவுடன், அதை வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார் என்ற கேள்வி எழ வேண்டும். அக்கேள்வி எழாதபோது, ஒருத்தி கண்ட காட்சி அவ்வில்லத்தின் முழு வாழ்க்கையாகக் கொள்ளப்படுகிறது. அங்கே வாழும் இளந்தாயின் குரல் தேவையற்றதாகிவிடுகிறது. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

கூற்றின் அமைப்பு

அகப்பாடலில் சொல்லப்படும் பொருளுக்கு இணையான மதிப்பு, சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் உண்டு. தொல்காப்பியக் கற்பியல் செவிலிக்கு வகுக்கும் பணி, முக்காலத்துக்கும் பொருந்த நல்லவற்றை உரைப்பதும் அல்லவற்றை விலக்குவதுமாகும். தலைவிக்கு அறிவுரை கூறும் நிலைக்கு வகுக்கப்பட்ட விதி இது. ஆயினும், செவிலி என்ற பாத்திரத்தின் இயல்பை அது தெளிவாகக் காட்டுகிறது. நல்லதை எடுத்துச் சொல்வதற்கென்றே அமைந்த வாய் அவளுடையது. அவள் கொண்டுவரும் செய்தியில் அல்லது இடம்பெறுவதற்கான வாய்ப்பு, துறை தொடங்கும்போதே குறைந்துவிடுகிறது.

கேட்பவள் நற்றாய். அவள் காணவில்லை. மகளைப் பெற்றவள் ஒருத்தியும் வளர்த்தவள் ஒருத்தியுமாகப் பிரிந்து நிற்கும் அகமரபில், பெற்றவள் வீட்டில் இருக்கிறாள். வளர்த்தவள் சென்று வருகிறாள். பாலைத்திணையில் மகள் உடன்போனபின் சுரத்திடைத் தேடிச் செல்பவளும் செவிலியே. அப்போது அவள் மகளைக் காணாமல் மீள்கிறாள். முல்லையில் கண்டு மீள்கிறாள். பாலையையும் முல்லையையும் அடுத்தடுத்து வைத்துள்ள ஐங்குறுநூற்றைத் தொடர்ந்து படிக்கும்போது, பிரிவுத் துயரையும் மகட்போக்கிய தாயரின் புலம்பலையும் கடந்த உடனே இந்தப் பத்து எதிர்ப்படுகிறது. தொகுப்பின் வைப்புமுறையே செவிலியின் மகிழ்ச்சிக்குப் பின்னணி அமைத்துத் தருகிறது. நெஞ்சில் அச்சம் இருந்த ஒருவரே இத்தனை முறை இனிது இனிது என்று சொல்ல இயலும். பத்துப் பாடல்களில் 401, 402, 406, 408, 409 ஆகிய ஐந்தில் அச்சொல் ஏதேனும் ஒரு வடிவில் வருகிறது.

நற்றாயிடம் பேசும் செவிலி, தலைவியை எவ்வாறு சுட்டுகிறாள் என்பது அடுத்து நோக்கத்தக்கது. 403, 406, 407 ஆகியவற்றில் அவள் காதலி, 404, 408இல் அரிவை, 402, 405, 409இல் தாய், 410இல் மனையோள். 401இல் கணவனோடு சேர்த்து அவர் என்ற பன்மைச் சுட்டுக்குள் அடங்கிவிடுகிறாள். பெற்றவளிடம் பேசும் இப்பத்தில் ஓரிடத்திலும் தலைவி மகள் எனப்படவில்லை. மகன் என்ற சொல் 404, 406 ஆகியவற்றில் வருகிறது. அது தலைவியின் குழந்தையைக் குறிக்கிறது. 403இல் அக்குழந்தை தந்தைவழிப் பெயரைத் தாங்கியவனாகச் சுட்டப்படுகிறான். எனவே, உறவுச் சொற்கள் அனைத்தும் புதுமனையை மையமாக வைத்தே அமைகின்றன. பிறந்தகம் நோக்கிய ஒரு சொல்லும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். சிறிய பாடல்களில் ஒரு சொல் வாராமை தனியே ஒரு சான்றாகாது. ஆயினும் பத்துப் பாடல்களும் ஒரே கூற்றாகத் தொகுக்கப்பட்டிருக்கும்போது, அவ்வாராமைக்கு ஒரு பொருள் தோன்றுகிறது. செவிலி தன் சொல்லாலேயே மகளை மாற்றி வைக்கிறாள். உன் மகள் நலம் என்று அவள் சொல்லவில்லை. அவன் புதல்வனின் தாய் அவ்வில்லத்துக்கு விளக்கானாள் என்கிறாள். கேட்கும் நற்றாய்க்கு இது ஆறுதலான செய்தி. மகள் இனித் தன் மகளாக மட்டும் இல்லை என்ற அறிவிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது.

காட்சியின் எல்லை

செவிலி கண்டது என்ன? பத்துப் பாடல்களிலும் திரும்பத் திரும்ப வருவது உடல்கள் அமைந்திருக்கும் நிலை. 401இல் குட்டியை இடையில் கிடத்திய மான்களைப் போலப் புதல்வன் நடுவிருக்கக் கணவனும் மனைவியும் படுத்திருக்கின்றனர். 402இல் புதல்வனைத் தழுவிய தாயைக் கணவன் பின்புறமாகத் தழுவியிருக்கிறான். 404இல் அவள் பாலூட்டுகிறாள். அவன் அவள் முதுகை அணைத்திருக்கிறான். 406இல் மகன் விளையாட, அவன் காதலியைத் தழுவி அமர்ந்திருக்கிறான். 409இல் தந்தை புதல்வனைத் தழுவ, தாய் இருவரையும் சேர்த்துத் தழுவுகிறாள். 410இல் மாலை நேரத்து முற்றத்தில், குறுகிய கால்களையுடைய கட்டிலில், மனைவி துணையாயிருக்கப் புதல்வன் தந்தையின் மார்பில் ஊர்கிறான்.

தழுவுவோரின் வரிசை பாடலுக்குப் பாடல் மாறுவதைக் காணலாம். 402இல் தாய் நடுவில் இருக்கிறாள்: முன்னே புதல்வன், பின்னே கணவன். 409இல் தாய் வெளியே நின்று இருவரையும் சூழ்கிறாள். 410இல் தந்தையின் மார்பே குழந்தைக்கு நிலமாகிறது. குழந்தையைப் பிடித்திருப்பவர் யார், அவரைப் பிடித்திருப்பவர் யார் என்ற ஒரே வினாவுக்குப் பேயனார் வெவ்வேறு விடைகளைத் தருகிறார். கவைஇ என்ற வினை இதில் சிறப்பாகப் பயன்படுகிறது. 402, 404, 409 ஆகியவற்றில் மனிதர் மனிதரைத் தழுவுவதற்கு வரும் இவ்வினை, 401இல் நீலநிறப் பரப்பு உலகத்தைச் சூழ்ந்திருப்பதற்கு வருகிறது. முதற்பாடலில் உலகத்தைச் சூழ்வதற்குச் சொல்லப்பட்ட சொல், அடுத்த பாடலிலேயே குழந்தையைச் சூழும் தாயின் கைக்கு இறங்கிவிடுகிறது. அக்கிடக்கை இவ்வுலகிலும் மேலுலகிலும் பெறற்கரியது என்ற 401இன் கூற்றையும், உலகோடு ஒத்த மதிப்புடையது என்ற 409இன் கூற்றையும் மிகைப்பாராட்டு என்று ஒதுக்க இயலாமைக்கு இச்சொல்லாட்சியே காரணம். இல்லம் ஒரு சிறு உலகமாகச் சொல்லளவிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

திணையமைதியும் இங்கே கருதத்தக்கது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பெரும்பாலான முல்லைப் பாடல்களில் இருத்தல் என்பது தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருத்தலாகும்; மாலைப்பொழுது அவளை வருத்தும் பொழுதாகும். 410இல் அதே மாலை மகிழ்ச்சியின் பொழுதாகிறது. காத்திருத்தல் கூடியிருத்தலாக மாறிவிட்டது. 405இன் மழையும் பூவும், 406இன் தேன் ஊதும் வண்டுகளும் தலைவனின் நாட்டுக்கு அடையாகி, வந்து சேர்ந்துவிட்ட கார்காலத்தை நினைவூட்டுகின்றன.

காட்சியில் இல்லாதவையும் உண்டு. பத்துப் பாடல்களிலும் எவரும் பேசியதாக ஒரு நேர்கூற்று இல்லை. 409 தலைவியை மென்மொழி உடையவள் என்கிறது. அம்மொழியில் அவள் என்ன சொன்னாள் என்பது கூறப்படவில்லை. குழந்தை சிரிக்கிறது, தேர் உருட்டுகிறது, விளையாடுகிறது, அழுவதில்லை. 404இல் பாலூட்டுதல் தவிர, குழந்தையை வளர்க்கும் வேலை எதுவும் சுட்டப்படவில்லை. சமையல் இல்லை, உறக்கமின்மை இல்லை. கணவனின் சுற்றத்தார் எவரும் கண்ணில் படுவதில்லை. கேட்கும் ஒலிகூடப் பெரும்பாலும் பாணருடையது: 402, 407 ஆகியவை இல்லற இன்பத்தைப் பாணரின் இசையோடு ஒப்பிடுகின்றன, 408இல் பாணர் முல்லைப்பண் பாடுகின்றனர், 410இல் பாணனின் யாழ் அப்பொழுதுக்கு ஒத்திருக்கிறது.

விருந்தினர் கண்ணில் படும் வீடு இது. அதனாலேயே இக்காட்சி பொய்யாகிவிடாது. சென்று வந்தவள் உவந்த உள்ளத்தோடு சொன்னாள் என்ற மரபு விளக்கத்தை மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் சில நாள் தங்கி மீள்பவள் காணக்கூடியது எதுவோ அதுவே இப்பத்தின் எல்லை என்பதை ஏற்க வேண்டும். கணவன் மனைவி கிடக்கையைச் செவிலி எவ்வாறு கண்டாள் என்ற ஐயம் எழலாம். அது துறை தரும் உரிமை. அந்த அளவுக்கு நெருங்கிச் செல்ல உரிமை தந்த துறை, அடுக்களைக்குள் அவளை அழைத்துச் செல்லவில்லை என்பதே கவனத்துக்குரியது.

அதே குழந்தை, அதே யாழ்

அடுக்களைக்குள் சென்று பேசும் பாடல் நற்றிணையில் உள்ளது. கூடலூர்ப் பல்கண்ணனார் பாடிய நற்றிணை 380, பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவனுக்குத் தூதாக வந்த பாணனிடம் தோழி வாயில் மறுப்பதாக அமைந்தது. நெய்யும் தாளிப்புப் புகையும் படிந்து உடை அழுக்காகிவிட்டது. பால் சுரந்து ஒழுகும் மார்போடு புதல்வனைத் தழுவியதால் தோளில் ஈன்றணிமையின் மணம் வீசுகிறது. அணிகலன் பூண்ட மகளிர் சேரியில் தேரேறித் திரிபவனுக்கு நாங்கள் ஒத்தவர் அல்லோம் என்கிறாள் தோழி.

ஐங்குறுநூறு 404உம் இப்பாடலும் ஒரே நிகழ்வைக் காட்டுகின்றன: தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். முன்னதில் அது கண்ணால் காணும் காட்சி. பின்னதில் அது மணமும் கறையும். செவிலி சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறாள். மணத்தை அறிய வேண்டுமானால் அந்தத் தோளுக்கு அருகில் இருக்க வேண்டும். தோழி அருகில் இருக்கிறாள். நாங்கள் என்ற பன்மையில் தலைவியோடு தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறாள். இருவரும் தலைவிமீது அன்புடையவர்களே. அன்பின் அளவால் இவ்வேறுபாடு எழவில்லை, நிற்குமிடத்தால் எழுகிறது.

இன்னொரு பொருள் இவ்விரண்டு இல்லங்களையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அது பாணனின் யாழ். ஐங்குறுநூறு 410இல் மாலை முற்றத்தின் இன்பத்தோடு யாழ் இயைந்து ஒலிக்கிறது. நற்றிணை 380இல் யாழ் மீட்டுவதில் நீ வல்லவனாயினும் எங்களைத் தொழாதே, உன் தலைவனை வேறு மனைக்குக் கொண்டு செல் என்று பாணன் திருப்பி அனுப்பப்படுகிறான். முதலில் இல்லத்தின் நிறைவுக்கு உவமையான கருவி, அடுத்ததில் வாசலைத் தாண்ட இயலவில்லை. யாழின் ஒலி மாறவில்லை. கணவன் முற்றத்துக் கட்டிலில் இருந்தால் அது இசை. அவன் வேறு சேரியில் இருந்தால் அது தூது. பாணன் வந்து செல்லும் இரண்டு வீடுகளையும் அருகருகே வைக்கும்போதுதான், செவிலி கூற்றுப்பத்தில் கணவன் பாடல்தோறும் வீட்டில் இருக்கிறான் என்ற செய்தியின் எடை புலப்படுகிறது. நற்றாய் அறிய விரும்பியதும் அதுவாகவே இருந்திருக்கும்.

தலைவி தானே பேசும் இடமும் உண்டு. செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாடிய அகநானூறு 66இல், பிள்ளைப்பேறு இம்மையிலும் மறுமையிலும் சிறப்புத் தருவது என்று பலர் கூறும் சொல் மெய்யானதைத் தான் கண்டுவிட்டதாகத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். சொன்ன விதத்தில் ஒரு கசப்புச் சிரிப்பு இருக்கிறது. வேறொரு மணத்துக்காகத் தேரேறிச் சென்ற கணவன், தளர்நடையோடு தெருவுக்கு வந்த புதல்வனைக் கண்டு தேரை நிறுத்தித் தழுவுகிறான். வீட்டுக்குள் போ என்கிறான். குழந்தை அழுது விடாமல் பற்றுகிறது. தந்தை வீட்டுக்குள் வருகிறான். தானே குழந்தையை ஏவித் தடுத்ததாகக் கருதிவிடுவானோ என்று நாணிய தலைவி, மகனை அடிப்பவள்போலக் கோலோடு நெருங்குகிறாள்.

ஐங்குறுநூறு 403இல் காதலியைவிடப் புதல்வனிடம் கணவனின் உள்ளம் பெரிதும் அமர்ந்தது என்று செவிலி மகிழ்ந்து சொன்னாள். அகநானூறு 66இலும் அதுவே நிகழ்கிறது: மனைவிக்காக நில்லாத தேர் புதல்வனுக்காக நிற்கிறது. செவிலி வாயில் அது நற்செய்தி; தலைவி வாயில் அது தன் நிலையை அளந்து காட்டும் அளவுகோல். சங்க இலக்கியம் இரண்டையும் பாதுகாத்து வைத்திருக்கிறது. பயில்வோர் முதலதை மட்டும் இல்லறம் என்றும், இரண்டாவதை மருதத்து ஊடல் என்றும் பிரித்துவிட்டதால், ஒரே வீட்டின் இரு பேச்சுகள் ஒன்றையொன்று கேளாமல் போயின.

முகத்தைப் படித்தல்

புதுமனையிலிருந்து வரும் செய்தி எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற கேள்வி மரபுக்குள்ளேயே உண்டு. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167இல் தலைவி தயிர் பிசைந்து, புகை கண்ணில் பட, தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அந்த மலர்ச்சியைக் கண்டவள் செவிலி. சிறு மாற்றத்தையும் முகத்தில் படிக்கத் தெரிந்தவளால் மட்டுமே அதனைச் சொல்ல முடியும். வளர்த்தவளுக்கே அப்பயிற்சி உண்டு. இங்கே அடுக்களை காட்சிக்குள் வந்துவிட்டது. ஆனால் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. குழந்தை பிறந்த பின்னான பத்தில் அடுக்களை மறைந்துவிடுகிறது.

போதனார் பாடிய நற்றிணை 110, பாலும் தேனும் கலந்து பொற்கலத்தில் ஊட்ட வந்தபோது உண்ண மறுத்துப் பந்தரில் ஓடிய சிறுமி, கணவன் குடி வறுமையுற்ற காலத்தில் தந்தை தந்த வளமான சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணும் உறுதியை எங்கே கற்றாள் என்று வியக்கிறது. வறுமை இங்கே மறைக்கப்படவில்லை. பிறந்தகத்து உணவும் புகுந்தகத்துப் பசியும் ஒரே பாடலில் அருகருகே வைக்கப்படுகின்றன. செவிலி கூற்றுப்பத்தில் விலக்கப்பட்ட ஒப்பீடு இதுவே.

சிலப்பதிகாரம் இன்னொரு சான்றைத் தருகிறது. மனையறம்படுத்த காதையில் கோவலனின் தாய் புதுமணமக்களைத் தனி மனையில் குடியமர்த்துகிறாள். கோவலன் பிரிந்தபின் மாமனும் மாமியும் வந்து தன்னைப் பாராட்டியபோது, உள்ளே ஒளித்த துயரைத் தன் பொய்ச்சிரிப்பே காட்டிக்கொடுத்ததையும், அதனால் அவர்கள் நெஞ்சு வருந்தியதையும் கொலைக்களக் காதையில் கண்ணகி கூறுகிறாள். அவ்வில்லத்தில் குழந்தை இல்லை. வந்து கண்டவர்கள் முகத்தைச் சரியாகவே படித்தனர். ஆனால் அது கணவன் வீட்டாரின் பார்வை. கண்ணகியின் பெற்றோரிடம் சென்று சொல்ல ஒரு செவிலி அங்கே வந்ததாக அவள் கூறவில்லை. நற்செய்தி கூறும் துறை எந்த இடத்தில் அறுந்தது என்பதை இது உணர்த்துகிறது.

தாலாட்டு: பிறந்தகம் பாட்டாக வருதல்

சங்கப் பாடலில் பிறந்தகம் செவிலியாக நடந்து வந்தது. பிற்காலத்து வழக்காற்றில் அது பாட்டாக வருகிறது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், தாலாட்டை இலக்கியமாக்கிய முன்னோடிகளில் ஒருவர். அவரது திருமொழியின் முதற்பத்தில் அமைந்த தாலாட்டில் பிரமன் தொட்டிலும், சிவன் அரையணியும், இந்திரன் கிண்கிணியும், துர்க்கை நறுமணப் பொடியும் மஞ்சளும் அனுப்புகின்றனர். பிறந்த இடத்திலிருந்து ஆய்ப்பாடி என்னும் புது இடத்துக்கு இரவோடிரவாக மாற்றப்பட்ட குழந்தைக்கு வெளியிலிருந்து சீர் வருகிறது. ஆய்ப்பாடியும் முல்லைநிலமே. யசோதை வளர்க்கும் தாய். பெற்றவள் தேவகி காணாமல் இருக்கிறாள். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி அக்காணாமையைத் தேவகியின் புலம்பலாகவே பாடியது. செவிலி, நற்றாய் என்ற பழைய இரட்டை பக்திப் பாடலில் வேறு வடிவில் தொடர்கிறது.

நாட்டார் தாலாட்டில் சீர் கொண்டுவருபவன் தாய்மாமன். நா. வானமாமலை தொகுத்து 1964இல் வெளிவந்த தமிழர் நாட்டுப்பாடல்கள் என்ற நூலுக்கான பாடல்கள், சங்கரன்கோவிலை அடுத்த சிவகிரி வட்டாரத்திலும் திரட்டப்பட்டன. தென்பாண்டித் தாலாட்டுகளில் மாமன் கொண்டுவரும் தொட்டில், சட்டை, அணிகலன், கிலுகிலுப்பை என்று வரும் அடுக்கு பெரியாழ்வாரின் சீர்வரிசையை நினைவூட்டுகிறது. அழும் குழந்தையிடம் அடித்தவர் யார் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என ஒவ்வொருவரையும் அடுக்கி, அவர்கள் அடித்திருந்தால் பூவால்தான் அடித்திருப்பார்கள் என்று ஆற்றும் வகை தமிழகமெங்கும் பரவியுள்ளது.

இவ்வகைத் தாலாட்டில் குழந்தையை எவரும் அடிக்கவில்லை என்பது பாடுபவளுக்குத் தெரியும். பெயர் சொல்லப்படும் உறவினர் பலர் அப்போது அவ்வீட்டில் இல்லை என்பதும் தெரியும். இல்லாதவர்களை அழைத்துத் தொட்டிலைச் சுற்றி நிற்க வைக்கிறாள் தாய். அழுகைக்குக் காரணம் தேடும் வினா, உறவினரை எண்ணிப் பார்ப்பதற்கான வாயிலாகிறது. ஐங்குறுநூறு 403இல் புதல்வன் தந்தைவழிப் பெயரைப் பெற்றான். தாலாட்டில் அவனுக்குத் தாய்வழி உறவு சொல்லிக் கொடுக்கப்படுகிறது. செவிலி விட்டுவிட்ட பிறந்தகச் சொற்களைத் தாய் தன் வாயாலேயே மீட்டெடுக்கிறாள்.

இவ்விளக்கத்துக்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதற்பேறு தாய்வீட்டில் நிகழ்வதால், தாலாட்டின் தொடக்க மாதங்கள் பிறந்தகத்திலேயே கழிகின்றன. பாடுபவர் பெரும்பாலும் பாட்டியாகவும் இருக்கலாம். இது உண்மையே. பாட்டு அங்கே கற்கப்பட்டு, குழந்தையோடும் தொட்டிலோடும் புகுந்தகம் செல்கிறது என்று கொள்வதே பொருந்தும். பிறந்தகத்தில் பாடும்போது அருகில் நிற்கும் மாமனைச் சுட்டும் சொல், புகுந்தகத்தில் அவன் இல்லாமையைச் சுட்டும் சொல்லாகிவிடுகிறது. பாட்டு மாறவில்லை, பாடுமிடம் மாறியதால் பொருள் மாறுகிறது.

இரண்டாவது தடை, மாமன் மகனையும் அத்தை மகனையும் தாய்மாமனையுமே மணக்கும் உறவுமுறை பற்றியது. அத்தகைய மணத்தில் புகுந்தகம் முன்பே உறவினர் வீடாக இருக்கும். மேலும் குழந்தைக்கு அத்தை என்பவள் தந்தையின் உடன்பிறந்தவள். அவளும் தாலாட்டில் இடம்பெறுகிறாள். ஆகவே தாலாட்டின் உறவு வரிசை பிறந்தகத்துக்கு மட்டும் உரியதன்று. இரு வீட்டாரையும் ஒரே தொட்டிலின் இருபுறமும் நிறுத்துகிறது. ஆயினும் சீரின் சுமையையும் பெருமையையும் தாய்மாமனே ஏற்கிறான் என்பதால், பாட்டின் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவாகவே உள்ளது.

தாலாட்டைக் கேட்பது யார் என்பதையும் நோக்க வேண்டும். செவிலிக்குக் கேட்பவள் நற்றாய். தாலாட்டில் கேட்கும் குழந்தைக்குச் சொற்பொருள் தெரியாது. ஆனால் திண்ணையிலும் அடுத்த அறையிலும் இருப்போர்க்குத் தெரியும். தலைவன் சிறைப்புறமாக நிற்கத் தலைவி தோழியிடம் பேசும் அகத்துறையின் உத்தி இங்கே வேறு வகையில் வாழ்கிறது. தாய் குழந்தையிடம் பாடுகிறாள், புகுந்தகம் கேட்கிறது. தன் பிறந்தகத்தின் பெருமையையும், சில வேளை தன் குறையையும், நேரில் சொல்ல இயலாத மருமகள் இந்த வழியாகச் சொல்லிவிடுகிறாள். ஐங்குறுநூற்றில் மென்மொழி என்ற அடைக்குள் அடங்கியிருந்த பேச்சு, இங்கே வெளிப்படுகிறது.

முடிவுரை

செவிலி கூற்றுப்பத்து, குழந்தையோடு கூடிய புதுமனை வாழ்வைத் தமிழில் மிக நெருக்கமாகக் காட்டும் தொகுதிகளில் ஒன்று. அதன் அழகு, தழுவும் கைகளின் வரிசையை மாற்றி மாற்றிக் காட்டும் நுட்பத்திலும், உலகைச் சூழும் சொல்லைத் தாயின் கைக்குத் தரும் துணிவிலும் இருக்கிறது. அது வந்து பார்த்தவளின் சொல் என்பதை உணர்ந்து படிப்பதால் அவ்வழகு குறைவதில்லை. அச்சத்தோடு சென்று ஆறுதலோடு மீண்டவளின் குரல் அதில் கேட்கத் தொடங்குகிறது. மகளை மகள் என்று சொல்லாமலே ஒப்படைத்துவிட்ட ஒருத்தியின் மௌனமும் கேட்கிறது.

வீட்டுக்குள்ளிருந்து எழும் குரலைக் கேட்க நற்றிணை 380, அகநானூறு 66 ஆகியவற்றையும் தாலாட்டையும் இப்பத்தோடு சேர்த்துப் பயில வேண்டும். திணைப் பகுப்பும், ஏட்டிலக்கியம் வாய்மொழி இலக்கியம் என்ற பகுப்பும் அவற்றைத் தனித்தனிப் பாடத்திட்டங்களில் வைத்துள்ளன. பாலூட்டும் தாயை முற்றத்திலிருந்து கண்டவள் சொன்னது, அவள் தோளருகே நின்றவள் சொன்னது, அத்தாய் தானே பாடியது என்ற மூன்றையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிக்கும்போது, இல்லறம் என்ற சொல்லுக்குள் உழைப்பும் ஏக்கமும் இடம்பெறும்.

இன்று சங்கரன்கோவிலிலிருந்து திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபெயர்ந்த இளங்குடும்பத்தின் குழந்தையைப் பாட்டி கைபேசித் திரையில் தானே காண்கிறாள். இடையில் சென்று வரும் செவிலி தேவையில்லை. ஆயினும் திரையில் தெரிவது குழந்தையின் சிரிப்பும் மகளின் முகமும் அமர்ந்திருக்கும் அறையின் ஒரு மூலையுமே. அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மட்டுமே மீதி தெரியும். அவ்வகையில் பேயனாரின் பத்து எழுப்பும் கேள்வி பழையதாகிவிடவில்லை.